பிள்ளைக்கு எவ்வளவு? – 9: ஐந்நூறிலேயே நின்ற சட்டம்

கணவர் எல்லை தாண்டித் தடா பக்கம் வேலைக்குப் போய்விட்டாலும், கும்மிடிப்பூண்டியில் குடியிருக்கும் தாய் இங்கேயே வழக்குப் போடலாம் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம், அப்பா பிள்ளையைப் பார்க்கும் உரிமை பற்றி எழுத வேண்டும். ஆனால் 500 ரூபாய் என்ற தொகை என்னை நகரவிடவில்லை.

1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். பிறகு 100 ஆனது, 1955-ல் 500. அந்த 500 எப்போது ஒழிந்தது? 2001-ல்! 1973-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். அப்போதும் 125-ஆம் பிரிவில் அதே 500. நாற்பத்தாறு ஆண்டுகள். அரிசி விலை ஏறியது, பள்ளிக் கட்டணம் ஏறியது, சிப்காட்டில் ஆலைகள் வந்தன, சம்பளம் ஆயிரங்களில் போனது. பிள்ளையின் பங்கு மட்டும் அசையவில்லை. 1978-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்தான் கொஞ்சம் மூச்சுவிட வைத்தார்: 500 என்பது குடும்பம் மொத்தத்துக்கும் அல்ல, தாய்க்குத் தனி, பிள்ளைக்குத் தனி என்றார். அந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

2001 திருத்தம் வரம்பை நீக்கியதோடு, இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்கவும் சொன்னது. 2024 ஜூலை முதல் அந்த 125, புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு.

வரம்பு போனதும் சண்டை சம்பளச் சீட்டுக்கு மாறியது. காண்ட்ராக்ட் வேலையில் சீட்டில் இருப்பது ஒன்று, ஓ.டி. சேர்த்துக் கைக்கு வருவது ஒன்று. "அவருக்கு எவ்வளவும்மா வருது?" என்று வக்கீல் கேட்டால், பிரிந்திருக்கும் பெண் என்ன சொல்வாள்? இதற்குத்தான் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இருவருமே பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும்; எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம். ஜீவனாம்சமும் மனு போட்ட நாளிலிருந்தே கணக்கு. வாய்தா வாங்கி இழுத்தால் பாக்கிதான் ஏறும்.

"உள்ள போயிட்டு வந்தா கணக்கு தீந்துது" என்பதும் தவறு. சிறை போனாலும் பாக்கி அப்படியே நிற்கும் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உண்மையிலேயே வேலை போனவர் தொகையைக் குறைக்கச் சொல்லி மனு போடலாம். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவதுதான் கூடாது.

இன்னொன்று: இலவசச் சட்ட உதவி பெண்ணுக்கும் பிள்ளைக்கும் மட்டுமல்ல, 1987 சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கும் உண்டு. திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை இருவருமே அணுகலாம்.

பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாத அம்மா, காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தும் அப்பா: இருவரையும் அடுத்த வாரம் பார்ப்போம்.