ஜவ்வாது மலையும் சாமை உமியும்

செமஸ்டர் லீவு நெருங்கினால் நம்ம வாட்ஸ்அப் குரூப் முழுக்க ஒரே ரீல்ஸ்தான். இத்தாலியில் மலைக் கிராமம், கிரீஸில் கல் வீடு, அல்பேனியாவில் பனி மூடிய பள்ளத்தாக்கு. "ஒருநாள் போகணும்டா"ன்னு கீழே பத்து ஹார்ட் விழும். தாராளமா போகலாம், தப்பே இல்லை. ஆனால் தனக்கென்று ஒரு தானியம், ஒரு கல்யாண முறை, ஒரு பூர்வகதை எல்லாம் வைத்திருக்கும் மலையூர்கள், பூந்தமல்லியில் வேலூர் பஸ் ஏறினால் ஒரு பகலுக்குள் வந்துவிடும் தூரத்தில் இருக்கின்றன. ஜவ்வாது மலையைச் சொல்கிறேன். பக்கத்திலேயே இருக்கும் ஏலகிரிக்கு நம்மில் பாதிப் பேர் போயிருப்போம். ஜவ்வாதுக்குப் போனவர்கள் கிளாஸுக்கு ஒருத்தர் இருந்தால் பெரிய விஷயம்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் மலை இது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. நடுவில் இருக்கிற பெரிய ஊர் ஜமுனாமரத்தூர். இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். எங்க ஹாஸ்டலில் அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கான். முதல் வருஷம் பூரா "ஓணத்துக்கு ஊருக்குப் போகலையாடா?"ன்னு அவனைக் கேட்டுக் கேட்டே கொன்னாங்க. மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவுதான். கேரளாவுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பேசுவது தமிழ்.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெரிய நூல்தொகுதியிலும் அது பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரத்து வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்கள். கொடுக்க மறுத்ததால் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்கக் கிளம்பிய ஏழு ஆண்கள் ஏழு நாய்களையும் கூட்டிப் போனார்கள். நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக்கொண்டு காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள், நாய்களோ பாதி ஆற்றிலேயே திரும்பி நீந்தி வீடு வந்து சேர்ந்தன. வேடர்களைக் கொன்று பழி தீர்த்துவிட்டு இவர்கள் ஊர் திரும்பியபோது காரியம் முடிந்து, மனைவியர் விதவைக் கோலத்தில் இருந்தார்கள். செத்ததாகக் கணக்கு முடிந்துபோனவர்களுக்கு ஊருக்குள் இடமில்லை. வேடர் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலையேறினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள்தான் மலையாளிகள் என்கிறது கதை.

வரலாறு என்று இதை நான் சொல்ல வரவில்லை. ஆனால் காஞ்சிபுரம், பாலாறு, வேலூர், அப்புறம் மலை என்று கதை போகும் பாதையைப் பாருங்கள். நம்ம பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகும் அதே பெங்களூர் ரோடுதான்.

ஊருக்குள் போனால் பழைய வீடுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அரசு உதவியில் கட்டின கான்கிரீட் வீடுகள்தான் இப்போது அதிகம். பழைய முறை என்னவென்றால், மூங்கிலைப் பிளந்து தட்டி கட்டி, இருபுறமும் மண் பூசி, மேலே புல் வேய்வது. கூரை தாழ்ந்து இறங்கியிருக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும். மண்சுவர் மழையில் நனையாமல் இருக்கத்தான் அந்தத் தாழ்வு. வெப்பத்தைத் தாமதமாகக் கடத்தும் சுவர், அதற்குக் குடை பிடிக்கும் கூரை என்று சிவில் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் ஒரு அசைன்மெண்டே எழுதலாம். தானியத்துக்குத் தனியாகக் குதிர் உண்டு. தரை ஈரம் ஏறாதபடி கல்லின்மேல் தூக்கி வைத்து, மண்ணும் சாணமும் பூசியது.

ஊர் விவகாரங்களை ஊர்க் கவுண்டர், நாட்டார் என்று படிப்படியாக இருக்கும் பெரியவர்கள் பேசித் தீர்ப்பது மரபு. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுக்கும். கைம்பெண் மறுமணத்துக்கும் இவர்களின் வழக்கத்தில் தடை இருந்ததில்லை. கீழே நாம் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள் மேலே பேச்சில்லாமல் நடந்திருக்கின்றன.

இனி சாமைக்கு வருவோம். இந்த மலையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளைப் பின்தொடர்ந்தால் போதும் என்றால் அது சாமைதான். ஏர் போகிற நிலம் உழவுக்காடு. ஏர் போகாத சரிவில் கொத்தி விதைப்பது கொத்துக்காடு. வானம் பார்த்த அந்தச் சரிவில், உரம் பெரிதாகக் கேட்காமல், ஏறக்குறைய மூன்று மாதத்தில் விளைந்து நிற்கும் பயிர் சாமை. மலைக்கு அத்தனை பொருத்தம். அப்புறம் ஏன் குறைந்தது?

ருசி மாறிவிட்டது, இளைஞர்கள் அரிசிச் சோறுதான் கேட்கிறார்கள் என்று சொல்வார்கள். 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம், அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் என் பார்வையில் முதல் குற்றவாளி உமி.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் நெல்மணி 20 கிராமுக்கு மேல் எடை இருக்கும். ஆயிரம் சாமை மணி 2 அல்லது 3 கிராம்தான். அந்தப் பொடி மணியைச் சுற்றி வழவழவென்று கெட்டியான உமி. கேழ்வரகைப் போல அப்படியே அரைத்து மாவாக்க முடியாது, உமி போயே ஆக வேண்டும். உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து எடுக்க வேண்டும். காலையில் காட்டுக்குப் போய்விட்டு வந்த அம்மா ராத்திரிச் சோற்றுக்கு இதைச் செய்ய வேண்டும், தினமும். ரேஷன் அரிசி வந்ததும் அந்த வீட்டில் உலக்கை சுவரோரம் சாய்ந்ததற்கு யாரைக் குறை சொல்வது?

நெல்லு மில்லில் கொடுத்து அரைக்கலாமே என்று தோன்றும். நெல் மில்லில் இரண்டு ரப்பர் உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். இடைவெளி நெல்லின் பருமனுக்கு வைத்தது. சாமை அதில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இடைவெளியைக் குறைத்தால் நொய்யாகும். அதனால் சிறுதானியத்துக்கு வேறு தத்துவத்தில் மெஷின் வைக்கிறார்கள். வேகமாகச் சுற்றும் ஒரு சக்கரம் மணியை மையவிலக்கு விசையால் வீசி எறியும். எதிர்ச்சுவரில் மோதிய வேகத்தில் உமி பிளக்கும். ஒரு காற்றாடி உமியை இழுத்துக்கொள்ளும், அரிசி கீழே விழும். கேட்க சிம்பிள். செய்யும்போதுதான் சிக்கல் தெரியும். மணி பெரிதும் சிறிதுமாகக் கலந்திருந்தால் ஒரே வேகம் எல்லாவற்றுக்கும் ஒத்துவராது, பெரியது உடையும், சிறியது உமியோடே வரும். ஆகவே முதலில் சலித்துப் பிரிக்க வேண்டும். ஈரம் இருந்தால் உமி பிளக்காது, ரொம்பக் காய்ந்தால் அரிசி நொறுங்கும். மண்களத்தில் அடித்த தானியத்தில் சாமை அளவிலேயே கல் கிடக்கும், சல்லடைக்கு அது சிக்காது. எடை வித்தியாசத்தை வைத்துப் பிரிக்கும் கல்நீக்கி தனியாக வேண்டும். அதுபோகத் தவிடு. முழுக்கத் தேய்த்து வெள்ளையாக்கினால் சத்து போச்சு, விட்டு வைத்தால் தவிட்டிலுள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். நாலு பிராஞ்சும் உட்கார்ந்து பேச வேண்டிய பிரச்சினை இது.

இந்த மெஷின் மேலே இல்லாதவரை என்ன நடக்கும்? சாமை உமியோடு மூட்டையாக மலையிறங்கும். தமிழ்நாட்டுச் சாமை வியாபாரிகள் கை மாறி மகாராஷ்டிராவின் நாசிக் ஆலைகள் வரை போய் அரிசியாவது வெகுகாலமாக நடப்பதுதான். அது பளபள பாக்கெட்டில் நம்ம ஆவடி, அம்பத்தூர் சூப்பர் மார்க்கெட்டுக்குத் திரும்பி வரும்போது விலை எங்கேயோ போயிருக்கும். விதைத்தவருக்கு மூட்டை விலை, உமி நீக்கினவருக்கு லாபம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நம்ம கேன்டீனில்கூட ஒருவாரம் சாமைப் பொங்கல் போட்டார்கள். அது எந்த மலையில் விளைந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையிலும் மலையாளிகள்தான் வாழ்கிறார்கள். அங்கே சாமையின் இடத்தை மரவள்ளி பிடித்தது. கீழே ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன, கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே விதை வங்கி வைத்ததோடு, மகளிர் குழுக்கள் நடத்தும் சிறு மில்களையும் ஊருக்குள்ளேயே கொண்டுவந்தது. விதையைக் காப்பாற்ற மில்லும் தேவை என்று அவர்கள் கண்டுகொண்டதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஜவ்வாது மலையிலும் இப்போது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் சாமையை அரிசியாக்கி விற்கிறது.

இதெல்லாம் வெறும் சாப்பாட்டு ஆசை இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. கொத்துக்காட்டில் விளைவது ஒரு குடும்பத்தை நிறுத்தி வைக்காதபோது மேஸ்திரி சொல்லும் கூலிக்கு ஆள் கிளம்பிவிடுகிறார்.

ரீல்ஸில் வரும் இத்தாலிக்கும் இதே கதை இருந்தது. அப்ருட்சோ மலையில் சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் சாந்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோ என்று ஓர் ஊர். பிழைப்பு தேடிப் போனவர்களால் ஊர் காலியானது. பிற்பாடு பழைய கல் வீடுகளை இடிக்காமல் பழுது பார்த்து, ஊரையே ஒரு ஹோட்டல் ஆக்கினார்கள். ஒரு வீட்டில் வரவேற்பு, இன்னொரு தெருவில் உங்கள் அறை. 'அல்பெர்கோ டிஃபூசோ', அதாவது பரவிக் கிடக்கும் விடுதி என்று இதற்குப் பேர். அந்த ஊரின் இன்னொரு பெருமை, மலையில் விளையும் பொடிப் பருப்பு. வருகிறவர்கள் அதைச் சூப்பாகக் குடித்துவிட்டு வாங்கியும் போகிறார்கள். ஆனால் அங்கே ஹோட்டலுக்குப் பணம் போட்டது வெளியூர்க்காரர். நம்ம மலையில் அப்படி ஒன்று வந்தால் அறை வாடகை யாருக்குப் போகும் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: வேலூர், போளூர், திருப்பத்தூர் மூன்று பக்கமிருந்தும் ஜமுனாமரத்தூருக்குப் பஸ் உண்டு. கீழ்செப்பிளியில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. பலகைக் கல்லை நிறுத்தி மேலே மூடி போட்டவை, பார்க்காமல் வராதீர்கள். ஆலங்காயம் வழியாக இறங்கினால் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வீடுகளை, ஆட்களை போட்டோ எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஐப்பசி வாக்கில் போனால் களத்தில் சாமை அடிப்பு நடக்கும். பையில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வாருங்கள், உமி நீக்கியதாகப் பார்த்து. ஒரு கைப்பிடி உமியோடும் கேட்டு வாங்குங்கள். ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து அதை எப்படிப் பிளப்பது என்று முயன்று பார்க்கலாம்.