கம்பத்து ஆட்டம்

வெயில் ஏறும் பங்குனி, சித்திரை மாதங்களில் கொங்கு நாட்டு மாரியம்மன் கோயில்களில் நோம்பி சாட்டியதும் (திருவிழாவை அறிவித்ததும்) கம்பம் நடுவார்கள். மூன்றாகக் கிளை பிரியும் மரத்துண்டு அது. மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி நட்டபின், நோம்பி முடியும்வரை அதுவே அம்மனுக்குக் கணவர். காலையில் பெண்கள் குடம் குடமாக மஞ்சள்நீர் ஊற்றுவார்கள்.

இரவில் கம்பத்தின் தலையில் பூவோடு எனும் தீச்சட்டி கனலும். பறை மெல்லத் தொடங்க, ஆண்கள் சுற்றி வந்து ஆடுவார்கள். முன்னே அடி, பின்னே அடி, ஒரு சுழற்சி. அடி வேகம் கூடக் கூட வட்டமும் விரையும். சிறுவர்கள் வட்டத்தின் கடைசியில் சேர்ந்து, பெரியவர்களின் காலைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். இதைவிட நல்ல ஆட்டப் பள்ளி வேறில்லை.



கொங்கின் இன்னொரு ஆட்டமான வள்ளி ஒயில்கும்மியைப் பெண்களுக்கும் கற்றுத்தந்த கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கம்பத்து ஆட்டக்காரர்களும் அத்தகைய மதிப்புக்கு உரியவர்களே.

ஈரோட்டில் பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் ஆகிய மூன்று கோயில்களின் கம்பங்களையும் நிறைவு நாளில் பிடுங்கி ஊர்வலமாக எடுத்துச் சென்று நீரில் விடுவார்கள். அன்று தெருவெங்கும் மஞ்சள் நீராட்டுதான்.