வாத்துக்கு ஒரு டாலர்: கார்ட்டூனிஸ்ட் 'டிங்' டார்லிங்

ஒரு ஸ்டாம்ப் இருக்கிறது. அதை ஒட்டி கடிதம் அனுப்ப முடியாது. ஆனா அது இல்லாம அமெரிக்காவுல வாத்து வேட்டைக்குப் போக முடியாது. இதென்ன கூத்துன்னு தேடப் போய்த்தான் 'டிங்' டார்லிங்கிடம் வந்து சேர்ந்தேன்.

முழுப்பெயர் ஜே நார்வுட் டார்லிங் (1876–1962). அயோவா மாநிலத்தின் 'டி மாய்ன் ரெஜிஸ்டர்' பத்திரிகையில் அரசியல் கார்ட்டூனிஸ்ட். 1924, 1943 என இரண்டு முறை புலிட்சர் பரிசு வாங்கியவர். குடியரசுக் கட்சிக்காரர். ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டை கார்ட்டூன்களில் வறுத்தெடுத்தவர்.

1930-களில் கடும் வறட்சி. விவசாயத்துக்காக சதுப்பு நிலங்களை ஏற்கனவே வடித்துக் காயவிட்டிருந்தார்கள். வலசைப் பறவைகளுக்குக் குஞ்சு பொரிக்க இடமில்லை. 1934-ல் ரூஸ்வெல்ட் இந்த விமர்சகரையே கூப்பிட்டு, வனவிலங்குகளைக் கவனித்த உயிரியல் ஆய்வுத் துறைக்குத் தலைவராக்கினார். 'கிண்டல் போதும், செஞ்சு காட்டுய்யா' என்பது மாதிரி!

அந்த வருடமே ஸ்டாம்ப் சட்டம் வந்தது. 16 வயது நிரம்பிய ஒவ்வொரு நீர்ப்பறவை வேட்டைக்காரரும் ஆண்டுதோறும் ஒன்று வாங்க வேண்டும். முதல் ஸ்டாம்ப் ஒரு டாலர். தரையிறங்கும் மல்லார்ட் வாத்து ஜோடியை வரைந்தவர் டார்லிங்கேதான். இன்றைய விலை 25 டாலர். வசூலாகும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் பாதுகாக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

சுடுறவன் காசுலயே பறவையைக் காப்பாத்துறதா? எனக்கும் முதலில் நெருடியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். குஞ்சு பொரிக்க இடமிருந்தால், அளவோடு சுட்ட வாத்துகளின் எண்ணிக்கை அடுத்த பருவத்தில் மீண்டுவிடும். சதுப்பு நிலமே போய்விட்டால், வேட்டையை நிறுத்தினாலும் பறவை வராது. இது வேட்டைக்காரருக்கும் தெரியும். அடுத்த வருடமும் அவருக்கு வாத்து வேண்டுமே! இன்று துப்பாக்கியே தொடாத பறவை ஆர்வலர்களும் இந்த ஸ்டாம்பை வாங்குகிறார்கள்.

டார்லிங் 1935 நவம்பரிலேயே பதவி விலகிவிட்டார். ஆனால் வேலை நிற்கவில்லை. சிதறிக் கிடந்த ஆர்வலர்களை ஒன்றுசேர்த்து, 1936-ல் இன்றைய தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு உருவாக வழி செய்தார். வாத்துக்கு ஓட்டு கிடையாது இல்லையா, அதற்காகப் பேச ஒரு அமைப்பு வேண்டும். தேசிய வனவிலங்குப் புகலிடங்களின் பலகையில் பறக்கும் நீலநிற 'கூஸ்' சின்னமும் அவர் வரைந்ததே. ஃப்ளோரிடாவின் சானிபெல் தீவில் ஒரு புகலிடம் அவர் பெயரில் இருக்கிறது.

இரண்டு வருடம்கூட நாற்காலியில் இல்லாத மனிதர். அவர் தொடங்கி வைத்த ஏற்பாடு 90 வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எழுதிய எந்த கோடும் இத்தனை காலம் ஓடப்போவதில்லை!