ரக்பி ஆட்டத்தில் நடுவரும் நாழிகையும்

ஆட்டங்கள் முடிவுறும் வகை இரண்டு. டென்னிஸ் போன்றவை, ஒருவர் குறித்த எண்ணிக்கையை எய்தியவுடன் முடிவன. அவற்றிற்குக் கடிகாரம் வேண்டுவதில்லை. கால்பந்து, ஹாக்கி முதலியன காலத்தையே எல்லையாக உடையன. ரக்பியும் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்ததே. அதற்கு வகுத்த காலம் 80 நிமிஷம். எனினும் அவ்வாட்டத்தை முதன்முறை காண்பவர்க்கு ஓர் ஐயம் எழும். ஆடுவோர் களத்திலேயே இருப்ப, கடிகாரம் நின்றுவிடுகின்றது. 80 நிமிஷம் கழிந்து சங்கொலி கேட்ட பின்னரோ, ஆட்டம் நிற்பதில்லை. இஃது எவ்வாறு? அக்காலக் கணக்கைக் காப்பவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தில் ரக்பி என்னும் ஊரிலுள்ள பள்ளியின் பெயரால் இவ்வாட்டம் வழங்குகின்றது. அப்பள்ளி மாணவர் 1840ஆம் ஆண்டுகளில் எழுதிவைத்த விதிகளுள் ஒன்று, ஐந்து நாள் ஆடியும் வெற்றி தோன்றாவிடின் ஆட்டம் சரிநிகராக முடிந்ததெனக் கொள்ளவேண்டும் என்பது. நாட்கணக்கில் ஆடிய அவ்வாட்டம், இன்று 40 நிமிஷம் கொண்ட இரு பகுதிகளாகச் சுருங்கிவிட்டது. இடைவேளை 15 நிமிஷத்திற்கு மேற்படுவதில்லை. அணிக்குப் பதினைவர் ஆடுவர். காலம் சுருங்கவே, ஒவ்வொரு நிமிஷத்தின் விலையும் ஏறிற்று.

இக்காலத்தைக் காக்கும் பொறுப்பு நடுவருடையது என்று விதி தெளிவாகக் கூறுகின்றது. சிற்றூர் ஆட்டங்களில் நடுவர் தம் கைக்கடிகாரத்தையே நம்பி இப்பொறுப்பை ஆற்றுவர். ஊதியம் பெற்று ஆடுவோர்தம் பெரும் போட்டிகளிலோ, களத்திற்கு வெளியே காலங் கணிப்பவர் ஒருவர் இருப்பர். பண்டை அரசர் மனையில் பொழுதறிந்து கூறியவரை நாழிகைக் கணக்கர் என்றனர் நம் முன்னோர். அப்பெயர் இவருக்கும் நன்கு பொருந்தும். நடுவர் தம் ஆடையிற் பொருத்திய ஒலிவாங்கியின் வழியாக 'நேரத்தை நிறுத்துக' என்பர். உடனே அரங்கின் பெருங்கடிகாரம் நிற்கும். 'நேரம் தொடர்க' என்பர், மீண்டும் ஓடும். கடிகாரத்தைத் தொடும் கை ஒருவருடையது. அதனை ஏவும் நா மற்றொருவருடையது.

எவ்வெக்காலத்தில் நிறுத்துவர்? ஒருவர் காயமுற்று வீழ்ந்தபோதும், ஐயத்திற்குரிய நிகழ்ச்சியைப் படக்காட்சியில் மீண்டும் கண்டு ஆராயும்போதும், குற்றம் புரிந்தவரை அழைத்து எச்சரிக்கும்போதும் நிறுத்துவர். பந்து எல்லைக்கோட்டிற்கு வெளியே சென்றதனால் மட்டும் நிறுத்துவதில்லை. கால்பந்தில் இவ்வாறு இழந்த காலத்தை நடுவர் கணக்கிட்டு இறுதியிற் கூட்டுவர். எப்போது முடியும் என்பதைக் காண்போர் உறுதியாக அறியார். ரக்பியில் இழப்பு நேரும் அப்பொழுதே கடிகாரம் நிற்றலின், எஞ்சிய காலம் எவ்வளவு என்பது யாவர்க்கும் வெளிப்படை.

இங்கு நுட்பமான வேறுபாடொன்றையும் யாம் குறிப்பிட விரும்புகின்றோம். மஞ்சள் அட்டை பெற்றவர் 10 நிமிஷம் வெளியே இருத்தல் வேண்டும். அஃது ஆட்ட நேரத்தாற் கணிக்கப்படும்; கடிகாரம் நிற்குங்கால் அவர் தண்டனையும் நகராது. குருதி ஒழுகும் காயத்திற்கு மருந்திடச் சென்றவர்க்கு 15 நிமிஷமும், தலையில் அடிபட்டாரோ என்று ஆராயப்படுபவர்க்கு 12 நிமிஷமும் உண்டு. இவை உலகக் கடிகாரத்தாற் கணிக்கப்படுவன. களத்துக் கடிகாரம் நின்றாலும் ஓடினாலும் இவை ஓடிக்கொண்டேயிருக்கும். காரணம் யாதெனின், தண்டனை ஆட்டத்தைச் சார்ந்தது. மருத்துவம் உடலைச் சார்ந்தது. ஆகவே, ஒரே போட்டியில் இருவகைக் காலங்கள் உடன் ஓடுகின்றன.

காலம் பொதுவுடைமையாதலின், அதனை வீணே கழிப்பதும் குற்றமாகும். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எதிர்த்தாடின. இறுதி நிமிஷங்களில் ஆஸ்திரேலியா 37-34 என முன்னின்றது. தன் கோட்டருகே அதற்கொரு தண்டனை உதையும் கிடைத்தது. பந்தைத் தொலைவில் உதைத்துவிட்டால் வெற்றி ஏறக்குறையக் கைக்கெட்டியதே. நடுவர் மத்தியூ ரேனால் நின்ற கடிகாரத்தை ஓடவிட்டு, விரைந்து உதைக்குமாறு கூறினார். பெர்னார்ட் ஃபோலி தாழ்த்தார். நடுவர் ஊதலை ஊதி, பந்தை நியூசிலாந்துக்குரிய ஸ்கிரம்முக்கு அளித்தார். ஸ்கிரம் என்பது இருதிறத்து முன்னணியினரும் தோளோடு தோள் பிணைந்து பந்துக்காக நெருக்குவது. அதனின்று ஜோர்டி பாரெட் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றினார். நியூசிலாந்து 39-37 என வென்றது. தீர்ப்பு கடுமையானது என்று குறை கூறினோர் பலர். எச்சரித்த பின்னரே தண்டித்தார் என்றோரும் உளர். 2023 ஜனவரி முதல், தண்டனை உதைக்கு 60 விநாடி என்னும் வரம்பைக் கடிகாரத்திற் காட்டி நடத்தும் முறை பெரும் போட்டிகளிற் புகுந்தது. டிரை என்னும் அப்பந்தூன்றலை அடுத்து வரும் கன்வெர்ஷன் உதைக்கு 90 விநாடி அளித்தனர். பின்னர் அதனையும் 60 ஆகக் குறைத்து ஆடலாயினர்.

இனி முடிவைப் பற்றிக் கூறுவோம். 80ஆம் நிமிஷத்தில் ஒலிக்கும் சங்கு ஆட்டத்தை முடிப்பதன்று. 'இனிப் பந்து நின்றால் ஆட்டமும் நிற்கும்' என்று அறிவிப்பதே. முன்னிற்கும் அணி பந்தைப் பெற்றால் வெளியே உதைத்து முடித்துக்கொள்ளும். பின்தங்கிய அணி பந்தை உயிருடன் வைத்திருக்க அரும்பாடுபடும். 2013 நவம்பர் 24ஆம் நாள் டப்ளின் நகரில் அயர்லாந்து 22-17 என முன்னிற்க, நியூசிலாந்து 80 நிமிஷம் கடந்தும் பந்தை விடாது காத்தது. ரையன் க்ரொட்டி டிரை பெற்றார். காலம் கழிந்தாலும் கன்வெர்ஷன் உதைக்கு இடமளித்தல் விதி. ஆரன் க்ரூடன் உதைத்த முதல் உதை தவறிற்று. ஆயினும் அயர்லாந்தினர் உரிய நேரத்திற்கு முன்னரே பாய்ந்தமையின் மீண்டும் உதைக்கப் பணித்தனர். 24-22 என முடிந்தது.

சங்கொலிக்குப் பின் எதிரணி குற்றம் புரியினும் ஆட்டம் முடிவதில்லை. தண்டனை உதை பெற்ற அணி தொடர்ந்து ஆடலாம். 2017 மார்ச் 18ஆம் நாள் பாரிசு நகரருகே வேல்ஸ் 18-13 என முன்னிற்கையில் 80 நிமிஷம் கழிந்தது. பிரெஞ்சு அணி வேல்ஸ் கோட்டருகே ஸ்கிரம் அமைப்பதும், அது சரிவதும், தண்டனை பெறுவதும், மீண்டும் ஸ்கிரம் கோருவதுமாக ஏறக்குறைய 20 நிமிஷம் கழிந்தது. நடுவர் வேய்ன் பார்ன்ஸ் பொறுமையுடன் நடத்தினார். நூறாவது நிமிஷத்தில் டாமியன் ஷூலி டிரை பெற, காமீய் லோப்பெஸ் உதைத்த கன்வெர்ஷனால் பிரான்சு 20-18 என வென்றது.

வேல்ஸ் அன்பர்க்கு இது கொடிதாகத் தோன்றியிருக்கும். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குற்றம் நிகழ்ந்தவுடன் ஆட்டம் முடியுமாயின், இறுதி விநாடியிற் குற்றம் புரிதலே வெற்றிக்கு வழியாகிவிடும். அவ்வழியை அடைத்தற்கே விதி காலத்தை நெகிழவிடுகின்றது. காலத்தை அளத்தல் பொறிக்கும் இயலும். எக்காலம் கணக்கிற் சேரும், எது சேராது என்று தீர்த்தற்கு நடுவுநிலை பிறழாத மனிதர் ஒருவர் வேண்டும். பொறிகள் பெருகிய இந்நாளிலும் 'நேரத்தை நிறுத்துக' என்னும் சொல்லை விதி நடுவர் வாயிலேயே வைத்திருப்பது இதனாற்போலும் என்று யாம் கருதுகின்றோம்.