மழை மறைவு நிலம்

பின்னலாடைத் தொழிலால் உலகெங்கும் பெயர் பெற்ற நகரம் திருப்பூர். கடல் கடந்த நாட்டினர் அணியும் ஆடைகள் பல இங்கே பின்னி, சாயமேற்றி, தைத்து அனுப்பப்படுகின்றன. இரவு பகலாக இயந்திரங்கள் ஒலிக்கும் அந்நகரிலிருந்து தெற்கு நோக்கிச் சாலை வழியே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால், யானையும் காட்டெருமையும் உலவும் பெருங்காட்டை அடையலாம். மேலும் சில மணி நேரம் பயணம் செய்தால், வறண்ட முட்புதர்க் காடும், பசும்புல் போர்த்த மலைமுகடும் ஒரே நாளில் நம் கண்ணுக்கு விருந்தாகும். இவ்வளவு குறுகிய தொலைவில் இத்துணை வேறுபாடு எவ்வாறு அமைந்தது? அதனை அறிவதற்காக நாமும் அவ்வழியே ஒரு பயணம் மேற்கொள்வோம்.

திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாக உடுமலைப்பேட்டை செல்லும் சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புகளைக் காணலாம். இடையிடையே வானளாவிய காற்றாலைகள் தம் நெடிய இறக்கைகளைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுமதில் போன்றது. அம்மதிலில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வாயில் இருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அவ்வாயில் வழியே புகுந்து இச்சமவெளியில் விரைந்து வீசுகின்றது. காற்று வந்த அளவிற்கு மழை வருவதில்லை. அதனால்தான் இப்பகுதி உழவர்கள் கிணற்று நீரையும், அணை நீரையும், பரம்பிக்குளம் ஆழியாற்றுத் திட்டத்தின் வாய்க்கால் நீரையும் நம்பி வாழ்கின்றனர்.

உடுமலைப்பேட்டையைக் கடந்து தெற்கே சென்றால் அமராவதி அணை நம்மை வரவேற்கும். 1950-களில் கட்டப்பட்ட இவ்வணையின் நீர்ப்பரப்பில் முதலைகள் இயற்கையாகவே வாழ்ந்து இனம் பெருக்குகின்றன. அணைக்குப் பின்னால் அடுக்கடுக்காக எழும் மலைகள் ஆனைமலைத் தொடரைச் சேர்ந்தவை. அம்மலைகளுக்கிடையே மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. இப்பள்ளத்தாக்கு, 1989-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட இந்திரா காந்தி தேசியப் பூங்காவின் ஒரு பகுதியாகும். ஆலைகள் நிறைந்த மாவட்டமென நாம் எண்ணும் திருப்பூர் மாவட்டத்திற்குள்ளேயே இத்தகைய காடு இருப்பதைப் பலர் அறியார்.

தேசியப் பூங்கா என்றதும், மலர்ச் செடிகளும் ஊஞ்சலும் அமைந்த நகரப் பூங்காவை நினைத்துவிடலாகாது. இயற்கையை அதன் போக்கிலேயே விட்டுக் காப்பதற்காகச் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட நிலமே தேசியப் பூங்கா. உலகின் முதல் தேசியப் பூங்கா அமெரிக்காவிலுள்ள எல்லோசுடோன் ஆகும். அது 1872-ஆம் ஆண்டில் தோன்றியது. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-ஆம் ஆண்டில் இமயமலை அடிவாரத்தில் ஏற்பட்டது. இன்று அது ஜிம் கார்பெட் பெயரால் வழங்குகிறது. நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தேசியப் பூங்காவினுள் ஆடு மாடு மேய்த்தலும் கூடாது. சரணாலயத்தில் கட்டுப்பாடு அத்துணைக் கடுமையன்று.

அணைப் பகுதியை விட்டு மூணாறு சாலையில் மேலும் சென்றால், சின்னாறு என்னும் சிற்றாறு குறுக்கிடும். இவ்வாறே இங்குத் தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் எல்லை. அக்கரையில் உள்ளது, 1984-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். கேரளம் என்றதும் இடைவிடாத மழையும் எங்கும் பசுமையும் நம் நினைவுக்கு வரும். இங்கோ, கள்ளியும் உடையும் வேலும் மண்டிய முட்காடு நம்மை எதிர்கொள்கிறது. இங்கு ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். இச்சாலையில் அறுபது கிலோமீட்டருக்கும் உட்பட்ட தொலைவில் உள்ள மூணாற்றிலோ 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகின்றது!

இவ்வியப்பின் காரணத்தை ஆராய்வோம். அரபிக்கடலின் நீராவியைச் சுமந்து வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகின்றது. மோதிய காற்று மேலே எழுகின்றது. உயரம் மிகுதியாக ஆக ஆகக் காற்று விரிந்து குளிர்கின்றது. குளிர்ந்த காற்று மிகுந்த நீராவியைத் தாங்காது. ஆகவே, நீராவி முகிலாகத் திரண்டு, மேற்குச் சரிவிலும் முகடுகளிலும் மழையாகப் பொழிந்துவிடுகின்றது. பின்னர் அக்காற்று கிழக்குச் சரிவில் கீழே இறங்குகின்றது. இறங்கும்போது அது அழுந்தி வெப்பம் பெறுகின்றது. ஈரத்தை முன்பே இழந்த அவ்வெப்பக் காற்று மழை தருவதற்கு மாறாக, நிலத்தின் ஈரத்தையும் உறிஞ்சிச் செல்கின்றது. இவ்வாறு மலையின் மறைவில் அகப்பட்டு மழையை இழந்த நிலமே மழை மறைவு நிலம் எனப்படும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள சாவுப் பள்ளத்தாக்கு என்னும் பாலைவனமும் இவ்வாறு உயர்ந்த மலைகளின் மறைவில் உண்டானதேயாம். அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது.

மழை குறைந்த நாட்டிலும் ஆறுகள் தம் தொழிலை நிறுத்துவதில்லை. தொலைவிலுள்ள உயர்மலையில் பிறக்கும் ஆறு, மணலையும் கல்லையும் உருட்டிக்கொண்டு வந்து பாறையை அரம்போல் தேய்க்கின்றது. கரையை அரிக்கும் மழை குறைவாதலின், பள்ளத்தின் இருமருங்கும் செங்குத்தாக நின்றுவிடுகின்றன. அமெரிக்காவின் கொலராடோ ஆறு இவ்வாறு அறுத்த பெரும்பள்ளத்தாக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. 1919 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டு வருகின்றது. நம் நாட்டில் ஆந்திர மாநிலத்துக் கண்டிக்கோட்டையில் பெண்ணையாறு பாறையை அறுத்துச் செல்லும் காட்சியும் காணத்தக்கது. சின்னாற்றுப் பகுதியிலும் பாம்பாறு மலையிடுக்குகளில் புகுந்து, தூவானம் அருவியாக வீழ்ந்து ஓடுகின்றது.

கேரளத்தில் ஆறுகள் பெரும்பாலும் மேற்கே பாய்பவை. கிழக்கே பாயும் ஆறுகள் மூன்றே. அவற்றுள் பாம்பாறும் ஒன்று. அது கூட்டாறு என்னுமிடத்தில் சின்னாற்றுடன் கலந்து, அமராவதி என்னும் பெயர் பெற்று, தாராபுரம், கரூர் வழியாகச் சென்று காவிரியிற் கலக்கின்றது. மூணாற்றுப் பக்கத்து மழையில் ஒரு பகுதி, இவ்வறண்ட பள்ளத்தாக்கின் வழியே வந்து நம் வயல்களை நனைக்கின்றது என்பதை எண்ணும்போது உள்ளம் நன்றியால் நிறைகின்றது.

வறட்சி வேறு, வளமின்மை வேறு. சின்னாற்றின் முட்காட்டை வெற்று நிலம் என்று கருதுவோர் தவறிழைப்போராவர். ஓட்டின்மேல் விண்மீன் கோலம் தாங்கிய நட்சத்திர ஆமை இங்கு வாழ்கின்றது. ஆற்றோரத்து மருத மரங்களின் கிளைகளில், அரிய உயிரினமாகிய சாம்பல் நிறப் பேரணில் தாவித் திரிகின்றது. முல்லையும் குறிஞ்சியும் வளங்குன்றிய காலத்தில் பாலை தோன்றும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். மலை, காடு, வறள்நிலம் ஆகியவை ஒன்றையொன்று அடுத்திருக்கும் இந்நாட்டை நேரிற் கண்டோர்க்கு அக்கருத்து எளிதில் விளங்கும்.

சரணாலயத்தைக் கடந்தால் மறையூர். இயற்கையாக வளர்ந்த சந்தனக் காட்டிற்கும், பழங்கால மக்கள் கற்பலகைகளால் அமைத்த முனியறைகளுக்கும், கரும்பு வெல்லத்திற்கும் அவ்வூர் பெயர் பெற்றது. அதற்கும் மேலே தேயிலைத் தோட்டங்களைக் கடந்தால் இரவிகுளம் தேசியப் பூங்கா. 1978-ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் இங்கு, தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடுகள் கூட்டங்கூட்டமாக மேய்கின்றன. இமயத்திற்குத் தெற்கே மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி இப்பூங்காவிலேயே உள்ளது. அதன் உயரம் 2695 மீட்டர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் இம்மலைகளை நீலமாக்கியது.

இத்தகைய இடங்களில் கூடாரமடித்துத் தங்குதல் பேரின்பம் தருவதே. ஆயினும், காடு நம் வீடன்று. அங்கு நாம் விருந்தினர். வனத்துறையினர் இசைவளித்த இடத்திலேயே தங்குதல் வேண்டும். வறண்ட காட்டில் ஒரு தீப்பொறி மலை முழுவதையும் எரித்துவிடும். சாலையோரத்துக் குரங்குகளுக்கு உணவளித்தல் இரக்கமன்று. அது அவற்றைத் தம் இரையை மறந்து வண்டிகளின் சக்கரத்தில் சிக்கச் செய்யும் கொடுமை. நாம் எறியும் பிளாஸ்டிக் பைகள் மான்களின் வயிற்றைச் சென்றடையும். யானை சாலையைக் கடக்குமாயின், வண்டியைத் தொலைவில் நிறுத்தி, ஒலி எழுப்பாது காத்திருத்தலே அறிவுடைமை.

இப்பயணத்தை முடித்துத் திருப்பூர் திரும்புவோர் தம் நகரின் ஆற்றையும் ஒரு கணம் நினைத்தல் வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் தூயதாய்ப் பிறக்கும் நொய்யல், சாயக் கழிவால் பல ஆண்டுகள் நிறம் மாறி ஓடியது. பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையிலும் அக்கழிவே தேங்கி, உழவர்களைக் கலங்கச் செய்தது. கழிவுநீரை வெளியேற்றாத முறையைக் கைக்கொள்ளாத சாய ஆலைகளை மூடுமாறு 2011-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளரின் பிழைப்பு அன்று கேள்விக்குறியாயிற்று. பின்னர், கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்களின் துணையால் தொழில் தழைத்தது. ஆற்றைக் கெடுத்தால் தொழிலும் கெடும் என்னும் பாடத்தை அந்நகரம் பெரும் விலை கொடுத்தே கற்றது.

மழை மறைவு நிலத்தில் வாழ்வோர்க்கு ஒவ்வொரு துளி நீரும் பொன்னினும் அரியது. அத்துளியை நமக்கு அனுப்புவன மலைமேல் உள்ள காடுகள். அவற்றைக் காணச் செல்லும்போது கண்ணையும் காதையும் திறந்துவைத்துச் செல்வோம். திரும்பும்போது நம் அடிச்சுவடு தவிர வேறெதனையும் அங்கு விட்டு வாராதிருப்போம்.