வன்னியும் வாக்குரிமையும்

சிறுபோகம் தொடங்குமுன் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள கமக்காரர்கள் ஒன்றுகூடுவது வழக்கம். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது, அந்நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பனவெல்லாம் அங்கே பேசித் தீர்மானிக்கப்படும். அந்தப் பங்குப் பட்டியலிற் பெயரில்லாதவர் வரம்பில் நின்று நீரைப் பார்க்கலாமேயன்றித் தம் வயலுக்குப் பாய்ச்ச இயலாது. நேயர்களே, நாடாளுமன்ற ஆசனங்களும் ஏறத்தாழ இவ்வாறே பங்கிடப்படுகின்றன. வேறுபாடு ஒன்றுண்டு. நீர் நிலத்தை அளந்து பங்கிடப்படுகின்றது. ஆசனமோ பெரும்பாலும் தலையை எண்ணிப் பங்கிடப்படுகின்றது. நிலம் பெரிதாயும் மக்கள் சிலராயும் உள்ள வன்னிக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் எல்லைகளை அறிந்துகொள்வோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை வன்னிப் பெருநிலம் என வழங்குகின்றோம். ஆயின் நாடாளுமன்றத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டம் எனப்படுவது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் சேர்ந்ததேயாகும். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தது. இதற்குக் காரணம் யாது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் நாடு 22 தேர்தல் மாவட்டங்களாக வகுக்கப்பட்ட காலத்திற் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1984ஆம் ஆண்டிலேதான் அது தனி நிருவாக மாவட்டமாயிற்று. கச்சேரி பிரிந்தது, தேர்தல் எல்லை பிரியவில்லை. ஆதலின் ஒரே நெடுஞ்சாலையில் வாழ்ந்தபோதிலும் மாங்குளத்தார் ஒரு வாக்குச்சீட்டையும் கிளிநொச்சி நகரத்தார் வேறொரு வாக்குச்சீட்டையும் பெறுகின்றனர்.

நாடாளுமன்றத்தில் 225 ஆசனங்கள் உள்ளன. அவற்றுள் 29 தேசியப் பட்டியலுக்குரியவை. எஞ்சிய 196இல் 160 ஆசனங்கள், வாக்காளர் இடாப்பிற் பதியப்பட்ட பெயர்களின் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்குப் பகிரப்படும். மற்றைய 36 ஆசனங்கள் மாகாணம் ஒன்றுக்கு நான்கு வீதம் கொடுக்கப்படும். வட மாகாணத்துக்குரிய நான்கையும் யாழ்ப்பாணமும் வன்னியும் பகிர்ந்துகொள்கின்றன.

இடாப்பிலுள்ள பெயர் எத்துணை வலிமையுடையது என்பதற்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டமே சான்றாகும். 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கே, கிளிநொச்சியும் உட்பட, 721,359 வாக்காளர்கள் பதியப்பட்டிருந்தனர், ஆசனங்கள் ஒன்பது. இடம்பெயர்ந்தவர்களும் கடல் கடந்து சென்றவர்களும் இடாப்பிலிருந்து நீங்க, 2015இல் அத்தொகை 529,239 ஆயிற்று, ஆசனங்கள் ஏழாகின. 2024இல் வாக்காளர் தொகை ஏறத்தாழ 593,000 ஆக உயர்ந்தும் ஆசனங்கள் ஆறாகக் குறைந்தன. தொகை கூடியிருக்க ஆசனம் குறைவதேன் என்று நேயர்கள் வினவலாம். நாட்டின் பிற மாவட்டங்கள் அதனினும் விரைவாக வளர்ந்தமையே காரணம். குளத்து நீரின் அளவு மாறாதிருக்க, பங்காளிகள் பெருகினால் ஒருவர் பங்கு சுருங்குவது இயல்பன்றோ? வன்னித் தேர்தல் மாவட்டமோ 2010 முதல் 2024 வரை நடைபெற்ற நான்கு தேர்தல்களிலும் ஆறு ஆசனங்களைக் காத்துவந்துள்ளது.

இனி, ஆறு ஆசனங்கள் கட்சிகளுக்குப் பகிரப்படும் முறையைக் கவனிப்போம். எளிமை கருதி ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இருநூறாயிரம் வாக்குகள் அளிக்கப்பட்டன என்க. இருபதில் ஒரு பங்காகிய பத்தாயிரத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளும் குழுக்களும் விலக்கப்படும். அவை யாவும் சேர்ந்து பெற்றவை ஐம்பதாயிரம் எனின், எஞ்சுவது நூற்றைம்பதாயிரம். முதலிடம் பெற்ற கட்சிக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகக் கிடைக்கும். மிகுதி ஐந்து ஆசனங்களால் நூற்றைம்பதாயிரத்தைப் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை முப்பதாயிரம் வாக்குகள் ஆகும். முதற் கட்சி 65,000, இரண்டாவது 50,000, மூன்றாவது 35,000 பெற்றிருப்பின், அவற்றுக்கு முறையே இரண்டும் ஒன்றும் ஒன்றும் கிடைக்கும். இன்னும் ஓர் ஆசனம் எஞ்சுகின்றது. அது யாருக்கு? மீதி வாக்குகள் எவரிடம் மிகுதியோ அவருக்கு. இரண்டாவது கட்சியிடம் 20,000 மீதியுண்டு; மற்றையவற்றிடம் ஐயாயிரம் வீதமே உள்ளன. ஆகவே இறுதி முடிவு மூன்று, இரண்டு, ஒன்று என அமையும். 2024 நவம்பர் 14இல் நடைபெற்ற தேர்தலில் வன்னியின் ஆறு ஆசனங்களையும் ஐந்து கட்சிகள் பகிர்ந்துகொண்டமை இம்முறையாலேயே. முதலிடம் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கு இரண்டும், ஏனைய நான்கு கட்சிகளுக்கும் ஒவ்வொன்றும் கிடைத்தன.

மாகாண சபைக்கு வரும்போது எல்லைகள் மாறிவிடுகின்றன. 2013 செப்டெம்பர் 21இல் வட மாகாண சபைக்குத் தேர்தல் நடைபெற்றபோது ஐந்து நிருவாக மாவட்டங்களும் தனித்தனியே கணக்கிடப்பட்டன. யாழ்ப்பாணத்துக்குப் பதினாறு, வவுனியாவுக்கு ஆறு, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் ஐந்து வீதம், கிளிநொச்சிக்கு நான்கு, முதலிடம் பெற்ற கட்சிக்கு மேலதிகமாக இரண்டு என மொத்தம் 38 ஆசனங்கள். அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அதற்கு முன்னரே, 2017இல், தொகுதி முறையையும் விகிதாசார முறையையும் கலந்த புதிய சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதற்கேற்பத் தயாரிக்கப்பட்ட எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஒருவரேனும் அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. பழைய வாய்க்கால் மூடப்பட்டது. புதிய வாய்க்கால் வெட்டி முடியவில்லை. அதன் பின்னர் இரு நாடாளுமன்றத் தேர்தல்களும், 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலும் வந்து சென்றன. மாகாண சபைத் தேர்தலோ அவற்றோடு வரவில்லை.

இஃது எங்கோ தலைநகரில் உள்ளோரின் சிக்கல் அன்று. எங்கள் பாடசாலைகளுட் பெரும்பாலானவையும், கிராமத்து மருத்துவமனைகளும், வீதிகள் பலவும் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆளுநரும் அதிகாரிகளும் நிருவாகத்தை நடத்துகின்றனர் என்பது உண்மையே. ஆயினும் வகுப்பறைக்குக் கூரையில்லை என்று ஒரு பெற்றோர் கேட்குமிடத்து, உங்கள் உறுப்பினரிடம் முறையிடுங்கள் என்று சொல்ல எனக்கு மாகாண உறுப்பினர் ஒருவர் இல்லை. 2013இல் ஒரு வயது குறைந்தமையால் வாக்களிக்க இயலாதுபோன என் மாணவர் சிலர், இப்போது தம் பிள்ளைகளை முதலாம் தரத்திற் சேர்க்க வருகின்றனர். அவர்கள் மாகாண சபைக்கு ஒருமுறையேனும் வாக்களித்தவரல்லர்.

தேர்தல் எப்போது வருமாயினும் நாம் இன்றே செய்யத்தக்கவை இரண்டுண்டு. ஆண்டுதோறும் இடாப்பு திருத்தப்படும்போது வீட்டிலுள்ள தகுதியுடைய அனைவர் பெயரும் பதியப்பட்டுள்ளனவா என்று கிராம அலுவலரிடம் கேட்டறிதல் ஒன்று. பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளை மறவாதிருத்தல் வேண்டும். வாக்கை முறையாக இடப் பழகுதல் மற்றொன்று. வாக்கெண்ணும் நிலையமொன்றில் நான் கடமையாற்றியபோது, மூன்று கட்சிகளுக்கெதிரே மூன்று புள்ளடிகள் இடப்பட்ட சீட்டுகள் பலவற்றைக் கண்டேன். மூன்று விருப்பு வாக்குகள் உண்டு என்று எவரோ சொன்னதை அவ்வாறு விளங்கிக்கொண்டனர் போலும். நாடாளுமன்றத் தேர்தலில் முதற் புள்ளடி ஒரே ஒரு கட்சிக்கோ குழுவுக்கோ உரியது. அதன் பின்னரே, அதே பட்டியலிலுள்ள வேட்பாளர் மூவருக்கு மேற்படாது அவரவர் இலக்கத்தின்மீது விருப்பு வாக்கை இடலாம். அச்சீட்டுகள் யாவும் நிராகரிக்கப்பட்ட கட்டிற் சேர்ந்தன. வெயிலில் வரிசையில் நின்ற கால்களின் களைப்பு மட்டுமே மிச்சமாயிற்று.

'ஐயா, என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகின்றது?' என்று முதியவர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. ஆறாவது ஆசனம் மீதியால் முடிவாகின்றது என்பதை மேலே கண்டோம். அந்த மீதி ஒவ்வொரு வாக்காகவே சேர்வது. இடாப்பிலுள்ள பெயர் ஆசனத்தைக் கொண்டுவரும். இடும் வாக்கு அதில் அமர்பவரைத் தீர்மானிக்கும். இவ்விரண்டும் நம் கையில் உள்ளன.