மேடைத் தீயும் மண்டபக் கூரையும்

கூடங்குளம், ராதாபுரம் வட்டாரத்துக் கோயில் கொடைகளிலும், இடிந்தகரை, உவரி போன்ற கடலோர ஊர்களின் தேவாலயத் திருவிழாக்களிலும், வாணவேடிக்கையும் கச்சேரியும் ஒரே இரவில் நடந்தாலும் பொதுவாக ஒரே இடத்தில் நடப்பதில்லை. வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் பந்தலுக்குள் நிகழ, வாணங்கள் ஊர்க்கோடிப் பொட்டலிலோ கடற்கரையிலோ விடப்படுகின்றன. மின் கிதாரையும் டிரம்ஸையும் முதன்மையாகக் கொண்டு உரத்த ஒலியில் பாடும் ராக் இசைக்குழுக்களோ, 1970களிலிருந்து இவ்விரண்டையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தன. அவ்வழக்கம் இன்று திரையிசை நிகழ்ச்சிகள் வழியாகத் திருநெல்வேலிப் பக்கத்துத் திருமண மண்டபம் வரை வந்து சேர்ந்திருப்பதால், மேடையில் தீ வேண்டுமா என்னும் கேள்வி வெளிநாட்டு ரசிகர்களுக்கு மட்டும் உரியதன்று.

மேடைத் தீ பல வகைப்படும். எரிவாயுவைக் குழாய் வழியே பீய்ச்சிக் கொளுத்தும் தீச்சுவாலை ஒன்று. சிறு குழாயில் வேதிப்பொருளை அடைத்து மின்பொறியால் பற்றவைக்கும் ஊற்று மற்றொன்று. இது புஸ்வாணத்தின் மேடை வடிவம். மணமக்கள் மேடையேறும்போது இருபுறமும் பொறி சிதறுகிறதே, அதற்கு அலங்காரக்காரர்கள் சொல்லும் ‘கோல்டு பைரோ’ என்பது, இரு வேறு பொருள்களுக்கு வழங்கும் ஒரே பெயராகும். முதலாவது, டைட்டானியம், சிர்கோனியம் போன்ற உலோகங்களின் நுண்துகளைச் சூடாக்கி மேலே வீசும் இயந்திரம். துகள் மிகச் சிறியது என்பதால் அது சுமக்கும் வெப்பமும் சிறிது, கீழே விழுமுன் பெரும்பாலும் ஆறிவிடும். இரண்டாவது, ஒருமுறை மட்டும் எரியும் வேதிக்குழாய். அது பட்டாசின் இனமேயன்றி வேறன்று. இரண்டிலுமே பொறி புறப்படும் வாய்ப்பகுதி கடும் வெப்பமுடையது. அதன் அருகில் தெர்மாகோல் எழுத்துகளும் நைலான் திரைகளும் பிளாஸ்டிக் பூச்சரங்களும் இருக்குமானால், ‘கோல்டு’ என்னும் பெயர் எவரையும் காப்பாற்றாது.

தீக்காட்சியால் நேரும் ஆபத்து முதலில் கலைஞருக்குத்தான் என்று தோன்றலாம். 1992 ஆகஸ்டில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெட்டாலிக்கா குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு, சுவாலை எழும் இடத்தில் நின்றுவிட்டதால் கையில் கடுமையாகத் தீப்பட்டார். ஆயினும் பேரழிவுகள் நிகழ்ந்தது கூரைக்கடியில்தான். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்து இரவு விடுதி ஒன்றில் கிரேட் ஒயிட் குழு பாடத் தொடங்கியதும் கொளுத்தப்பட்ட ஊற்றுகளின் பொறி, ஒலி வெளியே போகாதிருக்க மேடையைச் சுற்றி ஒட்டப்பட்டிருந்த பாலியுரித்தேன் நுரைப்பஞ்சில் பற்றியது. மெத்தைகளுக்குள் வைக்கப்படும் இதே பொருள் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த கரும்புகை எழுகிறது. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் அரங்கின் பெரும்பகுதி மூச்சுவிட முடியாத இடமாயிற்று; வேறு கதவுகள் இருந்தும் பெரும்பாலோர் தாம் நுழைந்த வாசலையே நோக்கி ஓடி நெரிபட்டனர்; 100 பேர் மாண்டனர். பிரேசிலின் சாந்தா மரியாவில் 2013 ஜனவரி 27 அன்று 242 பேரும், ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2015 அக்டோபர் 30 அன்று பற்றிய தீயால் 64 பேரும் இறந்தது ஏறத்தாழ இதே முறையில்தான். பிரேசிலில் பயன்பட்டது திறந்தவெளிக்கென்றே செய்யப்பட்ட ஊற்று. உள்ளரங்குக்குரியதைவிட அது மிகவும் மலிவு என்பதால் வாங்கப்பட்டதாக விசாரணையில் தெரியவந்தது. 2025 மார்ச்சில் வடக்கு மாசிடோனியாவின் கோச்சானி நகரிலும் மேடைப் பொறி கூரையைப் பற்றி ஏறத்தாழ அறுபது பேரைக் கொன்றது. அதே ஆண்டு டிசம்பரில் கோவாவின் அர்போராவில் 25 உயிர்களைப் பறித்த இரவு விடுதித் தீயும் உள்ளே கொளுத்தப்பட்ட மின்பட்டாசில் தொடங்கியதாகவே முதற்கட்ட விசாரணை சொன்னது. மாண்டவர்களில் பெரும்பாலோர் ஆட்டம் பார்க்க வந்தவர்கள் அல்லர், அங்கு வேலை பார்த்தவர்கள்.

இந்நிகழ்வுகளில் போதிய கவனம் பெறாத கூறு ஒன்று உண்டு. வீட்டிலோ கடையிலோ தீ எழுந்தால் மனிதன் உடனே விலகுகிறான். மேடையில் எழும் தீயையோ அவன் கைதட்டி வரவேற்கப் பழக்கப்பட்டிருக்கிறான். ரோட் ஐலண்டில் சுவர் எரியத் தொடங்கிய பின்னும் அதை நிகழ்ச்சியின் பகுதியென்றே பலர் எண்ணி நின்றதால், தப்பிக்கக் கிடைத்த ஒன்றரை நிமிடத்தின் முதற்பகுதி வேடிக்கை பார்ப்பதிலேயே போயிற்று. தீயைக் கண்டு அஞ்சும் இயல்பையே மழுங்கச் செய்யும் இக்கேட்டுக்குத் தண்ணீர் வாளியோ தீயணைப்புக் கருவியோ மாற்றாகாது என்பதால், கூரையுள்ள எந்த இடத்திலும் மேடைத் தீயை அனுமதிக்கலாகாது என்பதே நியாயமான முடிவாகத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில், பட்டாசு ஏதுமின்றி, கீற்றுக்கொட்டகையில் பற்றிய தீயே மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அணுமின் நிலையத்தை முன்னிட்டு 2012இல் நக்கநேரி கிராமத்தில் மக்களை வெளியேற்றும் ஒத்திகை நடத்தப்பட்ட கூடங்குளம் வட்டாரத்திலோ, ஆயிரம் பேர் அமரும் மண்டபத்தின் பின்வாசல் முகூர்த்த நாளில் சமையல் பாத்திரங்களால் அடைபட்டிருந்தால் எவரும் கேள்வி கேட்பதில்லை.

திறந்தவெளியின் நிலை வேறு. வெடிபொருள் விதிகளின்படி அனுமதி பெற்று, இசைக்குழுவினர் அல்லாத, பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பில், கூட்டத்திலிருந்து போதிய தொலைவில் நிகழும் தீக்காட்சியை மறுக்க வலுவான காரணம் இல்லை. அனுமதியும் தொலைவும் பெயரளவுக்கானவை அல்ல என்பதற்குச் செங்கோட்டைக்கு மேற்கே கொல்லம் மாவட்டத்துப் பரவூரில் 2016 ஏப்ரல் 10 விடியுமுன் நடந்ததே சான்று: மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தும் நடந்த புற்றிங்கல் கோயில் வாணவேடிக்கையில், தவறி விழுந்த பொறி வெடிகள் அடுக்கியிருந்த கட்டடத்தில் பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கூடங்குளத்தில் இதனுடன் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்றே, கொடை மேடையின் சுவாலையையும் சாய்க்கும். அமைதியான இரவில் போதுமான இடைவெளி ஆடி மாதத்தில் போதாது. லேசர் ஒளிக்கற்றை மாற்றாகலாம் என்பாரும் உளர். ஆனால் கற்றை கண்ணுக்குத் தெரிய மேடையில் மெல்லிய புகை தங்க வேண்டும், அப்பருவத்துக் காற்றில் அது நொடிப்பொழுதும் தங்காது. அம்மாதங்களில் அங்குப் பாட வரும் குழுவினர் எல்இடி திரையையும் வண்ண விளக்குகளையும் கொண்டு நிகழ்ச்சியை நடத்திக்கொள்ள வேண்டியதுதான்.